ஃபிளெக்ஸ் சுற்றிய பட்டறை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கல்லூரியில் பிள்ளைகள் எனக்கு 'சரவெடி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வெடித்த கையோடு அடங்கிவிடுகிற கோபம்தான் என்னுடையது. ஆனால் பெரம்பலூரில் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்த கோபம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. சாலையோரத்தில் எங்காவது ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல் தொட்டியைவிடப் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயரைப் பார்த்தால், பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே பல்லைக் கடிக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

நான் அரியலூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பிறந்த ஊர் குன்னத்துக்குப் பக்கம். அங்கே சாலையை ஒட்டி எங்கள் அப்பாவுடைய காடு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பயிர் செய்தார். அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணி மட்டும் அங்கே இருந்தார். ஒரே மகளை ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று.

காரியம் முடிந்த வாரமே எங்கள் பெரியப்பா மகன் வந்து உட்கார்ந்துகொண்டார். "ஒத்தப் பொம்பள என்னம்மா பண்ணுவ? குத்தகைக்கு வுட்டுரு. நான் பாத்துக்கறேன். வேத்து ஆளா நான்?" என்றார். வேற்று ஆள் இல்லைதான். ஆனால் அவர் கைக்குப் போன எந்த நிலமும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அது ஊருக்கே தெரியும்.

அண்ணி அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். "ஒரு வருசம் நானே வெள்ளாம பண்ணிப் பாக்கறேன். முடியலன்னா நானே கூப்புட்டுக் குடுத்துடறேன்" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னது. அதனால் அது வாக்கு மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஏன் அண்ணி ஒரு வருடம் என்று வாயைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "அப்புடிச் சொல்லாட்டி எந்திரிச்சுப் போயிருக்க மாட்டாரு பாப்பா" என்றார். நாற்பதைத் தாண்டியும் அண்ணிக்கு நான் பாப்பாதான்.

சின்ன வெங்காயம் போட்டார். நன்றாகவே வந்தது. திருகல் நோய் பக்கத்துக் காடு வரை வந்து நின்றுவிட்டது. மாசியில் பிடுங்கி, தாள் அரிந்து, கொஞ்சத்தைச் செலவுக்கு விற்றுவிட்டு, நல்ல காயாகப் பார்த்துப் பொறுக்கி விதைக்கு வைத்தார். சின்ன வெங்காயத்துக்கு வெங்காயமேதான் விதை. இந்த வருடக் காயைப் பட்டறையில் பத்திரமாக வைத்திருந்து ஆடியில் நட வேண்டும். பட்டறை என்பது காட்டில் கால் நட்டுத் தரையிலிருந்து தூக்கிக் கட்டிய ஒரு பரண், மேலே கூரை, சுற்றிலும் தட்டி. நான்கு பக்கமும் காற்று புகுந்து புறப்பட வேண்டும். அவ்வளவுதான். இதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நெருப்பு சுடும் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

ஆகவே அண்ணியின் காடு அண்ணியிடமே இருப்பதும் பெரியப்பா மகனுக்குப் போவதும் அந்த விதை வெங்காயத்தில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கம்பெனி வந்தது. பெங்களூரில் இருக்கும் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி. வெளிநாட்டு வங்கிகளுக்கு ஏதோ எழுதிக்கொடுக்கிறவர்கள். அவர்களுக்கும் வெங்காயத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சி.எஸ்.ஆர். என்பார்கள். எங்கள் மாவட்டங்களில் அந்த மூன்று எழுத்தைப் படிக்காதவர்களும் சொல்வார்கள். கம்பெனி நேராக வராது, ஒரு தொண்டு நிறுவனத்தை அனுப்பும். அவர்கள் திருச்சியிலிருந்து ஒரு தம்பியை அனுப்பினார்கள். கம்பெனி சின்னம் போட்ட டி-ஷர்ட், பைக், எந்நேரமும் காதில் போன். கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். யாருக்கோ பயந்துகொண்டே இருந்த பையன்.

ஊரில் முதல் தவணையாகச் சிலருக்கு இரும்புப் பட்டறை கட்டிக்கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு இரண்டாம் தவணையில் என்றார்கள். அண்ணிக்கு முதலிலேயே கிடைத்தது. காரணம் அண்ணியின் கஷ்டம் இல்லை, காடு தார்ச்சாலையை ஒட்டி இருந்தது. கார் நிற்க வசதி.

பொய் சொல்லக் கூடாது, பட்டறை நன்றாக இருந்தது. சிமெண்டுக் கால், இரும்புச் சட்டம், சுற்றிலும் கம்பி வலை, மேலே தகடு. எலி ஏறாது. காற்று தாராளம். அண்ணி வெங்காயத்தை அதில் ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்தபோது குரலில் அப்படி ஒரு தெம்பு. அண்ணன் போனதற்கு அப்புறம் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அன்றைக்கு நானும் அந்தக் கம்பெனியை மனதார வாழ்த்தினேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

உள்ளே வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டினார்கள். சென்சார். உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். ஈரம் கூடினால் போனுக்குத் தகவல் வருமாம். அண்ணியிடம் இருந்தது பட்டன் போன். அதில் அந்த ஆப் ஏறாது. "இப்போதைக்கு நம்ம ஆபீஸ் நம்பரப் போட்டுக்கறேங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் தம்பி. அண்ணியும் சரி என்றுவிட்டார்.

சித்திரையில் தம்பி பரபரப்பாக வந்தார். கம்பெனியின் பெரிய சார் நேரில் பார்க்க வருகிறாராம். முதலில் நிற்கப்போவது அண்ணியின் பட்டறையில். வேனில் ஃபிளெக்ஸ் வந்து இறங்கியது. சாமியானா பந்தலுக்குத் துணி சுற்றுவது மாதிரி அந்த ஒரு பட்டறைக்கு மட்டும் நான்கு பக்கமும் அதைச் சுற்றி, கம்பி வலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். ஒரு பக்கம் போதாதா என்று அண்ணி கேட்டிருக்கிறார். "டிரோன் சுத்திச் சுத்தி எடுக்கும்ங்க, எந்தப் பக்கம் பாத்தாலும் லோகோ தெரியணும்" என்றாராம் தம்பி. ஃபிளெக்ஸில் கம்பெனியின் பெயர், அதற்குக் கீழே தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்தது கோதுமை வயல். குன்னத்தில் கோதுமை!

காற்றுக்காகவே கட்டிய ஒன்றைக் காற்றுப் போகாமல் சுற்றிக் கட்டினார்கள். வெங்காயத்தைப் பற்றி எதுவும் தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்ய முடியாது, ஏனென்றால் அவன் பட்டறையே கட்டியிருக்க மாட்டான். எதற்குக் கம்பி வலை என்று தெரிந்து, வரைபடம் போட்டு, வலைக்குக் காசு கொடுத்தவர்களே அதை மறைத்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அது நான்கு பக்கச் சுவராகத் தெரிந்தது. சுவர் என்றால் விளம்பரம் ஒட்டத்தானே?

மறுநாள் காலையிலேயே அண்ணி இரண்டு பக்கத்தை அவிழ்த்துவிட்டார். சாயங்காலம் தம்பி வந்து திரும்பக் கட்டினார். "அக்கா, போட்டோ அனுப்பச் சொல்றாங்க. இது சரியில்லன்னா ரெண்டாவது தவணையே வராதுங்க" என்று கெஞ்சினாராம். அந்த வார்த்தை ஊருக்குள் போனது. அப்புறம் தம்பிக்கு வேலையே இல்லை. இரண்டாம் தவணைக்குக் காத்திருந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக அண்ணியிடம் வந்தார்கள். "ஒனக்குக் கெடச்சிருச்சு. எங்களுக்கு வர்றதக் கெடுத்துடாத தாயி" என்றார்கள். பெரியப்பா மகனும் வந்தார். "நாலு நாளுதானம்மா, பொறுத்துக்க" என்றார். அவருக்கு நாலு நாளில் வெங்காயம் என்ன ஆகும் என்று தெரியாதா? முப்பது வருடமாக வெங்காயம் போடுகிறவர். மற்றவர்களுக்கும் தெரியும். தெரிந்தே சொன்னார்கள். கம்பெனிமேல் எனக்கு இருக்கும் கோபத்தில் ஒரு பிடி எடுத்து எங்கள் ஊர்மேலும் வைத்திருக்கிறேன்.

அந்த வாரம் பெரிய சார் வரவில்லை. ஏதோ மீட்டிங். அடுத்த வாரம் என்றார்கள், அப்போதும் வரவில்லை. விமானம் கிடைக்கவில்லையாம். பிறகு வெயில் அதிகமாக இருப்பதால் தள்ளிவைத்ததாகச் சொன்னார்கள். வெயில் அவருக்கு அதிகம். ஃபிளெக்ஸுக்குள் இருந்த வெங்காயத்துக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் கோடை மழை பிடித்தது. நல்ல மழை. தகட்டுக் கூரை சூடு, கீழே ஈர மண், சுற்றிலும் மூச்சுவிட வழியில்லாத பிளாஸ்டிக். அண்ணி எனக்குப் போன் செய்து, "வாட வருது பாப்பா" என்றார். வகுப்புக்குப் போகாமல் வராந்தாவில் நின்றுகொண்டு தம்பியைக் கூப்பிட்டேன். மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேடத்தின் நம்பரை வாங்கினேன். கம்பெனியில் இந்தத் திட்டத்தைப் பார்க்கிறவர். ஆங்கிலத்திலேயே பேசினேன். ஃபிளெக்ஸை எடுக்க வேண்டும், வெங்காயம் அழுகுகிறது, விதை வெங்காயம் என்று விளக்கினேன். அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், விளம்பரப் பலகை விஷயம் தன் கையில் இல்லை, அதற்குத் தனி டீம் இருக்கிறது, மெயில் போடுகிறேன் என்றார். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவருக்கு உயரவில்லை. "உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது" என்றார். என் உணர்வை யார் கேட்டது? கயிற்றை அவிழ்க்க அனுமதி கேட்டால் உணர்வைப் புரிந்துகொள்கிறார்.

நான் போனை வைத்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டேன். "யார் என்ன சொன்னாலும் சரி, அறுத்துப் போடுங்க அண்ணி" என்றேன்.

"அறுத்துட்டேன் பாப்பா" என்றார் அண்ணி.

அவர் எனக்காகவும் மேடத்துக்காகவும் காத்திருக்கவில்லை. அரிவாளை எடுத்துப் போய் ஃபிளெக்ஸை மேலிருந்து கீழாகக் கிழித்துவிட்டார். தலைப்பாகைக்காரர் சேற்றில் கிடந்தார். அன்று சாயங்காலமே நான் பஸ் பிடித்துப் போனேன். ஊருக்குள் நுழையும்போதே நாற்றம் அடித்தது. அழுகிய வெங்காயத்தின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நாலு முறை குளித்தாலும் கையை விட்டுப் போகாது. பட்டறைக்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி கையை உள்ளே விட்டு ஒரு கொத்து எடுத்துக் காட்டினார். விரலுக்கு நடுவே வழிந்தது. அழவில்லை. "மேல கொஞ்சம் தேறும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பொறுக்கினோம். தேறியது இரண்டு மூன்று பாத்திக்குக் காணும், அவ்வளவுதான். மீதியைக் கூடை கூடையாகக் குழியில் கொட்டினோம். நஷ்டத்துக்கு ஈடு தரச் சொல்லிக் கம்பெனியில் கேளுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். திட்டத்தில் அதற்கு வழி இல்லை என்று பதில் வந்தது. ஃபிளெக்ஸைக் கிழித்ததைப் பற்றி மட்டும் மேடம் வருத்தப்பட்டாராம்.

ஆடிக்கு முன்னால் விதை வெங்காயம் விற்கிற விலைக்கு அண்ணி வாங்க முடியாது. நான் கடன் வாங்கித் தருகிறேன் என்றேன். "கடன வாங்கி நட்டு, மழ ஏமாத்திப்புட்டா, காடே போயிரும் பாப்பா" என்றார். பெரியப்பா மகனை அவரே கூப்பிட்டுவிட்டார். வாக்குக் கொடுத்தவர், காப்பாற்றினார். அந்த ஆடியில் எங்கள் காட்டில் பெரியப்பா மகன் மக்காச்சோளம் விதைத்தார். அண்ணி அரும்பாவூர்ப் பக்கம் வேறு ஆட்களின் காட்டில் வெங்காயம் நடக் கூலிக்குப் போனார்.

ஆவணியில் தம்பி மறுபடி வந்தார். தைரியம்தான். பெரம்பலூரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் திட்டத்தின் நிறைவுக் கூட்டம், பெரிய சார் கட்டாயம் வருகிறார், பயனாளிகள் எல்லாரும் வர வேண்டும் என்றார். பயனாளி! அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவரை எனக்குக் காட்டுங்கள். நான் போக வேண்டாம் என்றேன். அண்ணி போக வேண்டும் என்றார். "நேருலயே கேட்டுப் பாக்கறேன். கார்த்திகப் பட்டத்துக்கு வெத வாங்கிக் குடுத்தாங்கன்னா காட்டத் திருப்பிக் கேக்கலாம்ல" என்றார். அவர் மனதில் அது இன்னும் முடிந்துபோகவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் ஏசி. எங்களுக்கு ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள். அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டார். தம்பி எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேடம் வந்து அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த பயனாளியிடம் போய்விட்டார்.

பெரிய சார் மேடை ஏறினார். ஒல்லியான, சாந்தமான மனிதர். ஆங்கிலத்தில் பேசினார். திரையில் படங்கள் ஓடின. ஒரு கட்டத்தில் வரிசையாகக் கோடுகள் வந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு பட்டறை. எல்லாம் பச்சை நிறத்தில் மட்டமாகப் போய்க்கொண்டிருக்க, ஒன்று மட்டும் சிவப்பாக மேலே மேலே ஏறியது. அவர் அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டிச் சந்தோஷமாகப் பேசினார். கோட்டின் அருகில் சின்னதாக ஒரு பட்டறையின் படம் இருந்தது. சாலையோரம், வேப்பமரம். எங்கள் பட்டறை. ஃபிளெக்ஸ் சுற்றுவதற்கு முன்னால் எடுத்த படம்.

அவர் முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரும் தட்டுகிறார்களே என்று அண்ணியும் தட்டினார். எனக்குக் கை எழவில்லை.

"நம்ம பட்டறதான அது? என்ன பாப்பா சொன்னாரு?" என்று கேட்டார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு சொன்னேன். பருவம் தப்பிய மழையால் இந்த ஒரு பட்டறையில் மட்டும் ஈரம் கூடிவிட்டதாம். வெங்காயம் அழுகத் தொடங்குவதற்குப் பல நாள் முன்னாலேயே அந்த வெள்ளைப் பெட்டி அதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டதாம். கடைசியில் வெங்காயம் நிஜமாகவே அழுகியதால் பெட்டி சொன்னது எல்லாம் சரி என்று நிரூபணமாகிவிட்டதாம். திட்டத்தின் பெரிய வெற்றியே இதுதானாம்.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மொதல்லயே தெரிஞ்சிருக்கு" என்றார். பிறகு, "யாருக்குத் தெரியும்னு கேளு பாப்பா" என்றார்.

நான் எழுந்து நின்றேன். மைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தத் தகவல் யார் யாருக்குப் போனது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பெரிய சாருக்குக் கேள்வி பிடித்துப்போனது. தம்பிக்கு, மேடத்துக்கு, பெங்களூர் ஆபீஸில் ஒரு டீமுக்கு, தன்னுடைய போனுக்கும்கூட ஒவ்வொரு நாளும் வந்தது என்றார். எங்கே இருந்தாலும் பார்க்கலாம், வெளிநாட்டில் இருந்தபோதும் பார்த்தேன் என்றார். மழையால் இல்லை, உங்கள் ஃபிளெக்ஸால் என்றேன். நான்கு பக்கமும் கட்டியதையும், அவிழ்க்க விடாததையும் சொன்னேன். என் குரல் மண்டபத்துக்கு வெளியே வரை கேட்டிருக்கும். அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார்.

அண்ணி என் முந்தானையை இழுத்தார். "தெனமும் பாத்தாங்கல்ல? ஒரு போனப் போட்டு, அவுத்து வுடும்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அதக் கேளு" என்றார்.

அதையும் கேட்டேன். அண்ணி சொன்னது மாதிரியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன்.

பெரிய சார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, மிக மிக நல்ல யோசனை, பயனாளிகளிடமிருந்து இப்படித்தான் கற்றுக்கொள்ள வேண்டும், அடுத்த வெர்ஷனில் விவசாயிக்குத் தானாகவே போன் போகும் வசதியைச் சேர்த்துவிடுகிறோம் என்றார். மேடம் அதைக் குறித்துக்கொண்டார். மண்டபம் மறுபடி கை தட்டியது. முன்னைவிடப் பலமாகத் தட்டியது.

"இப்ப எதுக்குப் பாப்பா தட்டறாங்க?" என்று அண்ணி என்னிடம் கேட்டார்.

"அடுத்த தடவ அழுவிப்போனா போன் பண்ணிச் சொல்லுவாங்களாம் அண்ணி" என்றேன். "அதுக்குத்தான் தட்டறாங்க."